படிக்கட்டைப் பற்றிக் கேட்ட கடை: ஒரே வீடு, இரண்டு கொள்முதல்கள்

என் அக்கா வீட்டில் மூன்று வருட இடைவெளியில் இரண்டு பெரிய பொருள்கள் வாங்கினார்கள். முதலில் ஒரு வாஷிங் மெஷின், பிறகு ஒரு ஃப்ரிட்ஜ். வீடு மாறவில்லை: மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டும் ஒரே கம்பெனியின் தயாரிப்பு. இரண்டிலுமே பொருள் வந்த முதல் வாரத்தில் ஒரு சிக்கல் வந்தது. ஒன்று இரண்டு மாதம் இழுத்து, கடைசியில் அக்காவின் கைக்காசில் முடிந்தது. இன்னொன்று நான்கு நாளில் தீர்ந்தது. மாறியது கடை மட்டும்தான். அதனால்தான் இதை விவரமாக எழுதி வைக்கத் தோன்றியது. முதல் முறை நான் தொலைபேசியில் புலம்பலைக் கேட்டவன். இரண்டாம் முறை கையில் அளவு டேப்போடு கூடவே அலைந்தவன்.

முதல் கொள்முதல்: வாஷிங் மெஷின்

முன்பக்கம் கதவுள்ள, 7 கிலோ மெஷின். அத்தான் நான்கைந்து இடத்தில் விலை விசாரித்தார். ஒரு பெரிய ஷோரூமில் மற்ற இடங்களைவிடக் குறைவாகச் சொன்னார்கள். அங்கேயே பணம் கட்டிவிட்டு வந்தார். "48 மணி நேரத்தில் ஆள் வந்து பொருத்திக் கொடுப்பார்" என்று வாயால் சொன்னார்கள். பில்லில் அப்படி ஒரு வரி இல்லை. டெலிவரி எந்த மாடி வரைக்கும் என்பதும் இல்லை.

இந்த வகை மெஷின்கள் கனமானவை. சுழலும்போது ஆடாமல் இருக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள்; மொத்த எடை 60 கிலோ அளவுக்கு வரும். வண்டியில் வந்த இருவரும் கீழ்த்தளத்தில் இறக்கிவிட்டு, "எங்களுக்கு இதுவரைக்கும்தான்" என்றார்கள். அத்தான் தனியாக ஆள் பிடித்து மேலே ஏற்றினார். பெட்டியை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. டெலிவரி தாளில் "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

48 மணி நேரம் போயிற்று. மூன்றாம் நாளும் ஆள் வரவில்லை. வீட்டில் அத்தானின் அம்மா இருக்கிறார், வயது 74. போர்வை, துணி எல்லாம் குவிந்துவிட்டன. நாமே குழாயை மாட்டினால் என்ன என்று அத்தான் மாட்டி ஓட்டினார். தண்ணீர் நிரம்பியது, துவைத்தது. கடைசியில் பிழியும் கட்டத்துக்கு வந்ததும் மெஷின் தடதடவென்று அதிர்ந்து, ஒரு முழம் நகர்ந்து, சுவரில் போய் மோதியது.

என்ன நடந்தது என்றால், இவ்வகை மெஷின்களின் டிரம் ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டிருக்கும். கீழே அதிர்வைத் தாங்கும் டாம்பர்கள் உண்டு. வண்டியில் வரும்போது டிரம் ஆடி உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, பின்பக்கம் 3 அல்லது 4 நீளமான போல்ட் போட்டு அதை அசையவிடாமல் இறுக்கியிருப்பார்கள். ஓட்டுவதற்கு முன் அவற்றைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றாமல் ஓட்டினால், நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் சுழலும் விசை முழுவதும் உடம்புக்கூட்டில் இறங்கும். அக்கா வீட்டு மெஷினில் இதை எச்சரிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் பின்பக்கம் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது.

ஆறாம் நாள் சர்வீஸ் ஆள் வந்தார். "போல்ட்ட எடுக்காம ஓட்டியிருக்கீங்க. இது வாரண்டியில வராது" என்றார். ஷோரூமில் கேட்டால், பொருத்துவது கம்பெனி வேலை என்றார்கள். கம்பெனியைக் கூப்பிட்டால், பில்லில் சீரியல் நம்பர் இல்லை, மாடல் எண்ணிலும் கடைசி எழுத்து வேறாக இருக்கிறது, கடையில் திருத்தி வாங்கி அனுப்புங்கள் என்றார்கள். திருத்திய பில் வருவதற்கே மூன்று வாரம். இரண்டு மாதம் கழித்து டாம்பரையும் ஒரு பேரிங்கையும் காசு கொடுத்து மாற்றினார்கள். குறைந்த விலையில் மிச்சம் பிடித்ததைவிட அது அதிகம்.

தவறு முழுவதும் கடையின் மேல் என்று சொல்ல மாட்டேன். கையேட்டின் ஆரம்பத்திலேயே போல்ட் படம் இருக்கிறது. அத்தான் அதைப் புரட்டியிருக்க வேண்டும். ஆனாலும் பொருளை விற்றவர், கொண்டுவந்தவர், பொருத்துபவர் மூன்று பேரும் வெவ்வேறு ஆள்கள். "ஆள் வரும் வரைக்கும் ஓட்டாதீங்க" என்ற ஒரு வாக்கியத்தை மூவரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு இன்று வரை உறுத்துவது அதுதான்.

ஃப்ரிட்ஜ் நின்ற இரவு

மூன்று வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு, 11 வருடம் ஓடிய ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. விளக்கு எரிகிறது, குளிர் இல்லை. அத்தானின் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். பிரிக்காத இன்சுலின் நான்கு குப்பி உள்ளே இருந்தது. அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். வெப்பமும் ஆகாது, உறையவும் கூடாது; உறைந்து உருகிய இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. அன்று இரவே அவற்றைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரை ஒட்டாமல், கதவுப் பக்கத் தட்டில் வைத்தார்கள்.

சனி காலை மெக்கானிக் வந்தார். கம்ப்ரசரின் காயிலை மீட்டர் வைத்துச் சோதித்துப் பார்த்து, காயில் போய்விட்டது என்றார். மாற்றினால் புதுப் பெட்டியின் விலையில் பாதிக்கு மேல் ஆகும். 11 வருடப் பெட்டிக்கு அது வேண்டாம் என்றார். அக்கா அவரிடமே எந்தக் கடை நல்லது என்று கேட்டார். அவர் பெயர் சொல்லவில்லை. "கடை பேரு சொன்னா நாளைக்கு எம்மேல வரும்க்கா. ஆனா ஒண்ணு, பெட்டி ஓடாம போனா யார் வருவாங்கன்னு கேளுங்க. ஃபோன் நம்பர காட்டுறாங்களா, ஆள காட்டுறாங்களான்னு பாருங்க" என்றார். கடை தேடுகிறவர்கள் முதலில் போய்க் கேட்க வேண்டியது இப்படிப்பட்ட ஆள்களிடம்தான் என்று நினைக்கிறேன். யார் விற்ற பொருளுக்குத் திரும்பத் திரும்ப அழைப்பு வருகிறது, எந்தக் கடை அடிபட்ட பெட்டியைத் தள்ளிவிடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை அலைந்தது

கிளம்பும் முன் நான் ஒன்றை வற்புறுத்தினேன்: முதலில் அளப்போம். படிக்கட்டின் அகலம் 78 சென்டிமீட்டர். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் சுவரோடு போகிறது. அங்கே 71 தான். சமையலறைக் கதவு 74. ஃப்ரிட்ஜ் வைக்கும் மூலை 70. பக்கத்தில் அடுப்பு, பின்னால் பிற்பகல் வெயில் ஏறும் சுவர்.

முதலில் ஒரு பெரிய ஷோரூம், வாஷிங் மெஷின் வாங்கியது அல்ல, வேறு. உள்ளே நுழைந்ததும் ஒருவர் வந்து இரண்டு பக்கக் கதவுள்ள பெரிய பெட்டியைக் காட்டி, இன்று மட்டும் தள்ளுபடி என்றார். அதன் அகலம் 91 சென்டிமீட்டர். 71 சென்டிமீட்டர் திருப்பத்தைச் சொன்னேன். "அதெல்லாம் வந்துடும் சார், பசங்க ஏத்திடுவாங்க" என்றார். அவர் கடை ஊழியரா, கம்பெனி நிறுத்திய ஆளா என்று அக்கா கேட்டார். கம்பெனி ஆள்தான். பல கம்பெனிப் பொருள் விற்கும் பெரிய கடைகளில் இது வழக்கம். அந்தந்தக் கம்பெனி தன் ஆளை நிறுத்தும், அவர் தன் பொருளையே பேசுவார். அதில் குற்றமில்லை, ஆனால் அவர் சொல்வதைக் கடையின் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. பெட்டி அடிபட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, வாடிக்கையாளர் சேவை எண்ணைக் காட்டினார். மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது.

இரண்டாவது, வாஷிங் மெஷின் தயாரித்த அதே கம்பெனியின் சொந்த ஷோரூம். பொருளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள். அதைச் சொல்லியாக வேண்டும். கம்ப்ரசருக்கு 10 வருட வாரண்டி என்ற ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டபோது ஒளிக்காமல் விளக்கினார்கள்: அந்த 10 வருடம் கம்ப்ரசர் என்ற உதிரிபாகத்துக்கு மட்டும். குளிரூட்டும் வாயுவை நிரப்பும் செலவு, ஆள் கூலி, இன்வெர்ட்டர் போர்டு எதுவும் அதில் சேராது. கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகையில் அதை ஓட்டுவதே அந்த போர்டுதான். அது போனாலும் பெட்டி நிற்கும். அங்கேயே வாங்கியிருப்போம். டெலிவரி புதன்கிழமைதான் என்றார்கள். பழைய பெட்டியையும் நாங்களே கீழே இறக்கி வைக்க வேண்டும்.

ஆன்லைனிலும் பார்த்தோம். விலை எல்லோரையும்விடக் குறைவு. மாடி ஏற்றுவது பற்றி ஒரு வரியும் இல்லை. வாஷிங் மெஷின் கதை மீண்டும் வேண்டாம் என்று அக்கா மூடிவிட்டார்.

நான்காவது, இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கடை. வாசல் சிறியது, உள்ளே ஏழெட்டு ஃப்ரிட்ஜ் இருக்கும். உரிமையாளர் பெரியவர், கண்ணாடி போட்டுக்கொண்டு கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவர் எந்தப் பெட்டியையும் காட்டவில்லை. கேட்க ஆரம்பித்தார். எத்தனையாவது மாடி? படிக்கட்டு எங்கேயாவது குறுகுதா? பெட்டி வைக்கிற இடத்துல வெயில் வருமா? வீட்டில் எத்தனை பேர்? இன்சுலின் என்றதும் அடுத்த கேள்வி: "இன்னைக்கு என்னால அனுப்ப முடியாதும்மா, நாளைக்குக் காலைல பதினோரு மணி. அதுவரைக்கும் மருந்த எங்க வெச்சிருக்கீங்க?"

அன்று நாங்கள் போன இடங்களில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அக்கா அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மிச்சத்தையும் கேட்போம் என்று நான் கேட்டேன்.

பெட்டியின் விவரத்தகட்டைக் காட்டச் சொன்னேன். அவர் டார்ச் அடித்துக் காட்டினார். அதில் தட்பவெப்ப வகுப்பு ஒன்று போட்டிருக்கும். 'என்' என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரை, 'எஸ்டி' என்றால் 38 வரை, 'டி' என்றால் 43 வரை தாங்கும்படி வடிவமைத்தது என்று பொருள். அடுப்புக்கும் வெயில் சுவருக்கும் நடுவே வைக்கப்போகும் பெட்டிக்கு 'டி' வேண்டும் என்று அவரே சொன்னார். எந்த வாயு என்றும் அதே தகட்டில் இருந்தது: ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். வளிமண்டலத்துக்குக் கெடுதல் மிகக் குறைவு, மின்சாரமும் மிச்சம், ஆனால் தீப்பற்றக்கூடியது. "இதுல பழைய மெக்கானிக்க வெச்சு நெருப்பு காட்டி ஒட்டவெச்சிடாதீங்க. பயிற்சி எடுத்த ஆளத்தான் கூப்பிடணும். எங்க கடைக்கு வர்றவரு எடுத்திருக்காரு, இதோ அவரு" என்று உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து மின்விசிறி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தவரைக் காட்டினார். ஃபோன் நம்பர் அல்ல, ஆள்.

அவரிடம் எங்களுக்கு ஏற்ற அளவில் இரண்டே மாடல்தான் இருந்தன. நிறம் தேர்ந்தெடுக்க வழியில்லை. விலை ஷோரூமைவிட 4 சதவீதம் கூடுதல். எவ்வளவு பேசியும் அதில் பாதிதான் இறங்கினார். ஒன்று கடையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொள்ளலாமா, உடனே கிடைக்குமே என்று அக்கா கேட்டபோது, அது ஏழு மாதமாகக் காட்சிக்கு ஓடுவது, தர மாட்டேன் என்றார். கூடுதல் வாரண்டித் திட்டம் ஒன்றும் அவரிடம் இருந்தது. கம்பெனி கொடுப்பதல்ல, வேறொரு நிறுவனம் நடத்துவது, எனக்கு அதில் நம்பிக்கையில்லை என்று சொல்லிவிட்டார். ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றதற்குக் கையேட்டைத் திறந்து, இந்தப் பெட்டி தாங்கும் மின்னழுத்த எல்லையைக் காட்டி, உங்கள் வீட்டில் அதைவிட ஏறி இறங்கினால் மட்டும் வாங்குங்கள் என்றார்.

மின் நுகர்வில் ஒரு கணக்கு. இரண்டு மாடலின் லேபிள்களையும் பார்த்தோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 90 யூனிட் வித்தியாசம். குறைவாக இழுப்பதை எடுத்தால் 10 வருடத்தில் 900 யூனிட் மிச்சம். விலையில் நாங்கள் கூடக் கொடுத்த அந்த 2 சதவீதத்தை ஈடுகட்ட அதுவே போதும் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம்.

பில்லை அவர் எழுதிய விதத்தைச் சொல்ல வேண்டும். மாடல் எண் முழுவதும், கடைசி எழுத்து வரை. சீரியல் நம்பருக்கு இடம் விட்டு, "நாளைக்குப் பெட்டிய பிரிச்சு, தகட்டப் பாத்து உங்க முன்னாடி எழுதுவோம்" என்றார். கீழே கையால் மூன்று வரி: மூன்றாம் மாடி வரை ஏற்றிப் பொருத்தித் தருவது, பழைய பெட்டியை மேலேயிருந்து எடுத்துச் செல்வது, அடிபட்டிருந்தால் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவது. கையெழுத்து, முத்திரை. வாஷிங் மெஷின் வாங்கிய கடையின் அச்சடித்த நீள பில்லைவிட இந்தக் கைப்பட எழுதிய மூன்று வரிக்கு மதிப்பு அதிகம் என்று அப்போதே தோன்றியது. ஒரு வாரத்துக்குள் அது உறுதியானது.

ஞாயிறும் அதற்கு அப்புறமும்

பதினோரு மணி என்றார்; பன்னிரண்டேகால் ஆயிற்று. ஆனால் பத்தே முக்காலுக்கே ஃபோன் செய்து, முந்தைய வீட்டில் தாமதம் என்று சொல்லிவிட்டார்கள். சுமக்க இரண்டு பேரும், கடையில் பார்த்த அந்த மெக்கானிக்கும் வந்தார்கள். பெட்டியை நிமிர்த்தியே கொண்டுவந்திருந்தார்கள். படுக்கவைத்துக் கொண்டுவந்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். அது திரும்பி வடியச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும். திருப்பத்தில் குழாய் இடித்தது. கீழேயே அட்டைப்பெட்டியை உரித்து, கதவைக் கழற்றி, துணி சுற்றி ஏற்றினார்கள்.

மேலே வந்ததும் சுற்றிப் பார்த்தோம். கீழ்க்கதவின் ஓரத்தில், கீலுக்குப் பக்கத்தில், ஒரு கட்டைவிரல் அளவுக்கு ஒடுக்கு. அட்டையிலும் அதே இடத்தில் மடிப்பு இருந்தது; வழியிலோ கிடங்கிலோ எங்கோ இடித்திருக்கிறது. மெக்கானிக் மறைக்கவில்லை. அவரே படம் எடுத்து, டெலிவரி தாளில் "கீழ்க்கதவில் ஒடுக்கு, கதவு மாற்ற வேண்டும்" என்று எழுதி, அதன் கீழ் எங்கள் கையெழுத்தை வாங்கினார். இன்சுலினுக்காகப் பெட்டி இப்போதைக்கு ஓடட்டும், கதவு வந்ததும் மாற்றுகிறேன் என்றார். ஒரு தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். சுற்றிலும் நான்கைந்து இடத்தில் இழுத்தார். எல்லா இடத்திலும் தாள் பிடித்து வந்தது. ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறது, குளிர் வெளியே போகாது.

அன்று மாலை அக்கா ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் வைத்தார். மறுநாள் மாலை 4 டிகிரி காட்டியது. அதற்குப் பிறகுதான் இன்சுலின் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்தது.

வியாழக்கிழமை புதுக் கதவு வந்தது. நாங்கள் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.

இதை எப்படிப் பார்க்கிறேன்

சிறிய கடை நல்லது, பெரிய கடை மோசம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய கடைகளில் பில்லே தராதவர்கள் உண்டு. காட்சிக்கு ஓடியதைத் துடைத்துப் புதியது என்று தருபவர்கள் உண்டு. பெரிய கடையில் சொந்த டெலிவரி ஆள்களும் எழுத்தில் உள்ள மாற்று விதிகளும் இருந்தால், பல விஷயங்களில் அது சிறிய கடையைவிட உறுதியானது. தரைத்தள வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சி வாங்குவதாக இருந்தால் நானும் விலையைப் பார்த்தே முடிவு செய்வேன். எடை, மாடி, குழாய் இணைப்பு, அவசரம் இவை சேரச் சேரத்தான் கடை முக்கியமாகிறது. வாஷிங் மெஷின், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் அந்த வகை. ஏசியில் பாதி தரம் பொருத்துபவர் கையில்தான் இருக்கிறது. குழாய் இணைப்பில் ஒரு சின்னக் கசிவு போதும்.

இரண்டு கொள்முதல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது, கேள்வி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதுதான். முதல் கடை அத்தானிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பணம் எப்படிக் கட்டுறீங்க? நான்காவது கடைக்காரர் படிக்கட்டிலிருந்து மருந்து வரைக்கும் கேட்டார். அப்படிக் கேட்பவருக்குப் பொருள் எங்கே போகிறது, என்ன தடை வரும் என்பது முன்பே தெரிகிறது. அடுத்த வாரம் நம் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற எண்ணமும் இருக்கிறது. எந்தக் கடைக்குப் போனாலும் முதல் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள் என்றுதான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

இன்னொன்று கையெழுத்து. இரண்டு முறையும் டெலிவரி தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்றில் பிரிக்காத பெட்டிக்கு "நல்ல நிலை" என்று. மற்றொன்றில் உள்ளதை உள்ளபடி எழுதியதற்கு. பொருளைப் பார்க்காமல் கையெழுத்துக் கேட்டால், "பிரிக்காமல் பெற்றேன்" என்று நம் கையால் எழுதிவிட்டுப் போடலாம். அத்தான் அன்று அதைச் செய்திருந்தால், வாதாட ஒரு பிடியாவது இருந்திருக்கும்.

கதவு மாற்ற வந்த அன்று மெக்கானிக் பால்கனியில் இருந்த வாஷிங் மெஷினைப் பார்த்துவிட்டு, அதன் போல்ட்கள் எங்கே என்று கேட்டார். தூக்கிப் போட்டிருப்போம் என்று அத்தான் சொன்னார். "தேடிப் பாருங்க சார். வீடு மாத்துறப்போ திரும்ப மாட்டித்தான் மெஷின தூக்கணும்" என்றார். ஒரு மணி நேரம் தேடி, பழைய சாமான் பெட்டியின் அடியில் நான்கும் கிடைத்தன. இப்போது ஒரு பையில் போட்டு, அந்த மூன்று வரி பில்லோடு சேர்த்துக் கட்டி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள்.